கார்பைடு வாசனை

“ஹரி, உள்ளே வராதே. கொல்லையில குளிச்சுட்டு வா,” என்றார் வெங்கடராகவன். “ஆத்துல ஒரே பூண்டு நாத்தம்.”

கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர் அவர். வீட்டுக்குள் வெங்காயம்கூட நுழைந்ததில்லை.

“மத்தியானத்துலேர்ந்தே அடிக்கறதேப்பா?” என்றாள் மருமகள் கோதை.

“இவன் நேத்துக் கழட்டிப்போட்ட சட்டைதான்மா.”

ஹரிக்குக் கருங்குழிப் பக்கம் இரும்பு வார்ப்பாலையில் வேலை. உருகிய இரும்பிலிருந்து கந்தகத்தை எடுக்கக் கார்பைடு பொடி போடுவார்கள். மிஞ்சும் கசடில் ஈரம் பட்டால் அசல் பூண்டு வாசனை வரும். சேர்ந்த புதிதில் அப்பா இதை நம்பவில்லை. வெகுநாள் அவனோடு உட்கார்ந்து சாப்பிடவே இல்லை.

கோதை கணவனைப் பார்த்தாள்.

“ஆமாம், நேத்து மழை. கசடெல்லாம் நனைஞ்சுடுத்து,” என்றான் ஹரி.

குழாயடிக்கு அப்பாவே துண்டு கொண்டுவந்தார்.

“அப்பா, போன மாசமே கார்பைடை நிறுத்திட்டா. இப்போ மெக்னீசியம். அதுல இந்த வாசனையே வராது.”

வெங்கடராகவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“வாயுத் தொல்லைடா. டாக்டர்தான் பால்ல ரெண்டு பல் பூண்டு போட்டுக் குடிக்கச் சொன்னார். வெளியில தெரிஞ்சா மடப்பள்ளிக்குள்ள விடுவாளா? கோதைகிட்டச் சொல்லிடுவியா?”

ஹரி ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

“கோதையைப் பொறுத்தவரைக்கும் நாங்க இன்னும் கார்பைடுதான்பா போடறோம்.”