முள் போட்ட இடம்

குதிரையின் முன்னங்கால் கூடாரக் கயிற்றுக்குள் இருந்தது.

கூடாரத்துக்குள் குழந்தை இருந்தது.

அவள் வேலியோரம் நின்றாள். வாயில் பேஸ்ட் நுரை. துப்பவும் தோன்றவில்லை, விழுங்கவும் தோன்றவில்லை.

குழந்தை அயர்ந்து தூங்குகிறதே என்று ஜிப்பை இழுத்து மூடிவிட்டு இப்போதுதான் வெளியே வந்தாள். கணவன் தண்ணீர் பிடிக்கக் கிணற்றடிக்குப் போயிருந்தான். கிழக்கு இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. அதற்குள் இந்தச் செவலைக் குதிரை எங்கிருந்து வந்தது?

நேற்று பார்த்தபோது தொழுவத்தில் கட்டியிருந்தது. சாது என்றுதான் சொன்னார்கள்.

சாதுவாகவே இருக்கட்டும். காலில் கயிறு மாட்டியிருக்கிறதே.

மிரண்டு ஓடினால் அந்த நைலான் கயிறு அறாது. கூடாரமும் பின்னாலேயே போகும். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் காடு, அடிக்கு அடி கல்.

அதற்கு மேல் அவள் நினைக்கவில்லை. எந்தத் தாயால் முடியும், சொல்லுங்கள்.

குதிரை குளம்பால் மண்ணைப் பறித்தது.

நின்றது. மறுபடி பறித்தது.

கூடாரத் துணி அதிர்ந்தது.

நேற்றுச் சாயங்காலம் எங்கே அடித்தாலும் கூடார முளை இறங்கவில்லை. இரண்டு முளை வளைந்ததுதான் மிச்சம். சுற்றிச் சுற்றி வந்தார்கள். வேலமரத்தடியில் முள் குவிந்து கிடந்தது. விறகுக்கு வெட்டிப் போட்டது போல என்று கணவன் அதை இழுத்து ஓரமாகத் தள்ளினான். கையெல்லாம் கீறல். ஆனால் அடியில் மண் பொலபொலவென்று இருந்தது.

"பாத்தியா, அல்வால குத்துற மாதிரி எறங்குது. எனக்குன்னே கொத்தி வெச்சிருக்காங்க."

அவளும் சிரித்தாள்.

இப்போது குதிரை அந்த மண்ணைத்தான் பறித்துக்கொண்டிருந்தது.

கத்த வாயெடுத்தாள்.

"கத்தீராதீங்க அம்மிணி."

காட்டுக்குச் சொந்தக்காரி பழனாத்தாள். தொழுவத்துப் பக்கமிருந்து தவிட்டு வாளியோடு வந்தாள். ஓடி வரவில்லை. சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்து வந்தாள். முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை.

"தண்ணி காட்ட இப்பத்தானுங்க அவுத்து உட்டேன். நேரா இங்க வந்து நின்னுக்கிட்டா. நான் தலையப் புடிச்சுக்கறேன். நீங்க முன்னால வந்து உக்காந்து கயித்த அவுத்து உடுங்க. பொறத்தால மட்டும் போயிராதீங்க."

அவள் நடந்தாள். சிதறிக் கிடந்த முள் பாதத்தில் ஏறியது.

ஏறட்டும்.

குளம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குதிரையின் மூச்சு பிடரியில் சுட்டது.

முடிச்சு அவிழவில்லை. நல்லா இறுக்கிப் போடுங்க என்று நேற்றுச் சொன்னவளே அவள்தான். நகம் மடங்கியது.

"நில்லு சாமி. நில்லு தங்கம்." பழனாத்தாள் அதன் காதோடு பேசிக்கொண்டே இருந்தாள்.

அப்போது உள்ளே குழந்தை விழித்துக்கொண்டது.

முதலில் சிணுங்கல். அப்புறம் வீறிட்ட அழுகை.

குதிரையின் காதுகள் விறைத்து நின்றன. அதன் தோலில் ஒரு நடுக்கம் ஓடியது. கயிறு இழுபட்டு அவள் விரலை நெரித்தது.

போச்சு.

முடிச்சை விட்டாள். முளையையே இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள்.

வந்துவிட்டது. நேற்று இறங்கிய மாதிரியே, சுலபமாக.

கயிறு தொய்ந்து குளம்பைச் சுற்றி விழுந்தது. ஜிப்பை எப்படித் திறந்தாள் என்று அவளுக்கே தெரியாது. குழந்தை கையில் இருந்தது. மார்போடு அணைத்தபடி நகர்ந்தாள்.

குதிரை கயிற்றிலிருந்து காலை எடுத்து வைத்தது.

ஓடவில்லை.

தலையைத் தாழ்த்தி, திறந்து கிடந்த கூடாரத்துக்குள் முகர்ந்தது. போர்வையில் குழந்தை படுத்திருந்த பள்ளம் அப்படியே இருந்தது.

பழனாத்தாள் ஓரமாகத் தள்ளிக் கிடந்த முள்ளைப் பார்த்தாள்.

"இந்த முள்ள யாருங்க எடுத்தது?"

தண்ணீர் கேனோடு வந்து நின்ற கணவன், "நான்தாங்க. விறகுன்னு நெனச்சு..." என்றான்.

"நாயி நோண்டிப்போடும்னு போட்டு வெச்சதுங்க."

கொஞ்ச நேரம் குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"இவ குட்டி. பொறந்தன்னைக்கே போயிருச்சு. இங்கதானுங்க பொதச்சோம். முள்ளுப் போட்டிருந்தா எங்கூர்ல ஒருத்தரும் கிட்ட வர மாட்டாங்க. உங்களுக்குச் சொல்லோணும்னு எனக்குத் தோணவே இல்லீங்களே."

கணவன் தன் கையிலிருந்த கீறல்களைப் பார்த்தான்.

"வா சாமி, போலாம்." பழனாத்தாள் கழுத்துக் கயிற்றை மெல்ல இழுத்தாள்.

குதிரை வரவில்லை.

அதன் பின்னங்கால்களின் உட்பக்கம் வெள்ளையாக வழிந்து காய்ந்திருந்ததைக் குழந்தையோடு நின்ற அவள் அப்போதுதான் பார்த்தாள். மடி கனத்து நின்றது. குழந்தை அழ அழ, அதிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது.

"இழுக்காதீங்க அக்கா," என்றாள். "கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

குழந்தையைக் கணவனிடம் கொடுத்தாள்.

"பசிக்குதும்மா இதுக்கு," என்றான் அவன்.

"இருங்க. இதோ."

மீதி முளைகளை அவளே பிடுங்கினாள். ஒவ்வொன்றாக. மண் சிதறாமல். கூடாரம் சத்தமில்லாமல் படுத்தது. துணியை உருவி எடுத்தாள்.

கடைசி முளை குதிரையின் வயிற்றுக்குக் கீழே இருந்தது.

பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனாலும் போனாள்.

குழந்தை இன்னும் அழுதுகொண்டிருந்தது. அவள் நைட்டியின் மார்பு முழுக்க நனைந்திருந்தது.

குனிந்தாள்.

குதிரையின் பால் விழுந்த இடத்தில் அவளுடையதும் விழுந்தது.