முருங்கைக்காய்க் கறியும் இரண்டாம் உறுப்புரையும்

"அமெரிக்க ஜனாதிபதி நினைச்சா ஆரையும் மன்னிக்கலாமாம் அண்ணை. நீங்கள் என்னை மன்னிக்கேலாதோ?"

சேந்தன் கேட்டதும் யோகநாதன் பால் விடாத பிளேன்ரீயை மேசையில் வைத்தார். பிரெஞ்சுத் தலைநகரில், லா ஷப்பேலில் அவருடைய பலசரக்குக் கடையின் பின்னறைதான் ஊர்ச் சங்கத்தின் அலுவலகம். பின்னுக்கு, அரிசி மூட்டைகளுக்கு நடுவே, அவர் தலைவர். முன்னுக்கு, காசுப் பெட்டியடியில், மனைவி தில்லைநாயகி.

சேந்தன் அமெரிக்காவை இழுத்ததற்குக் காரணம் இருந்தது. சங்கம் தொடங்கியபோது சட்டதிட்டங்களுக்கான யாப்பு எழுத ஒருவருக்கும் நேரமில்லை. மேல்மாடியில் வாடகைக்கு இருந்த சென்னை மாணவன் சுஜித்திடம் கேட்டார்கள். அவனுக்கு மறுநாள் பரீட்சை. அமெரிக்க அரசியலமைப்பைத் தமிழாக்கி, அமெரிக்கா என்று வந்த இடமெல்லாம் ஊர்ப் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டான். எல்லாரும் சாப்பிட்ட கையோடு, வாசிக்காமல் ஒப்பம் வைத்தார்கள். அன்றிலிருந்து தலைவர் முப்படைகளுக்கும் தளபதி. கிரிக்கெட், கரப்பந்து, சமையல் ஆகியவை முப்படைகள். பக்கத்து ஊர்ச் சங்கத்தோடு சண்டை பிடிப்பதென்றாலும் சபையில் வாக்கெடுக்க வேண்டும்.

"மன்னிக்கலாம். அந்த அதிகாரம் எனக்கு முழுசாக் கிடக்கு," என்றார் யோகநாதன்.

"பொறுங்கோ அண்ணை." செயலாளர் இந்திராதேவி கோப்பைத் திறந்தார். "இரண்டாம் உறுப்புரை, இரண்டாம் பிரிவு. பதவி நீக்கின விசயத்தில தலைவற்றை மன்னிப்புச் செல்லாது. சேந்தன் சமையல் பொறுப்பாளரா இருந்தவர். மூண்டில ரெண்டு வாக்கால நீக்கினது. நீங்கள்தான் தலைமை தாங்கினனீங்கள்."

"மூண்டு வருசமாச்சு அக்கா. இன்னும் கோவமோ?" என்றான் சேந்தன்.

"பிறந்ததிலயிருந்து சைவம், தம்பி. ஒன்றுகூடல் பந்தியில என்ரை வாய்க்குள்ள ஆட்டெலும்பு. முருங்கைக்காய் எண்டு நினைச்சு எவ்வளவு நேரம் சப்பினனான் தெரியுமே? ருசியா வேற கிடந்தது. அதைத்தான் மன்னிக்கேலாமல் கிடக்கு."

சேந்தன் மார்க்ஸ் டோர்மோயில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் இருபது வருடமாகச் சமைப்பவன். அங்கே அவன் சமைத்ததை முதலாளி ருசி பாராமலே மேசைக்கு அனுப்புவார். இங்கே அவன் பெயர் எலும்புச் சேந்தன். போன கிழமை சலூன்காரன்கூட, "கத்தரிக்கோலை எண்ணிப் பார்த்திட்டுத்தான் உங்களை வெளியில விடுவன், பிறகு அதுவும் ஆற்றையோ கறிக்குள்ள கிடக்கும்," என்றிருந்தான்.

"எனக்குக் கரண்டி வேண்டாம் அக்கா," என்றான். "ஞாயிற்றுக்கிழமை ஆர்ஜொந்தெய் மண்டபத்தில ஒன்றுகூடல். ஊரில செத்த ஆக்களின்ரை படங்கள் வைப்பியள். தம்பியின்ரை படமும் இருக்கும். ரெண்டு வருசமா எல்லாரும் உள்ள விளக்கு வைக்க, நான் எதிரில பஸ் தரிப்பில நிண்டனான். ஒரு விளக்கு வைக்க விட்டாக் காணும்."

இந்திராதேவி கோப்பின் பக்கங்களைத் தேவையில்லாமல் புரட்டினார்.

யோகநாதன் தட்டிலிருந்த அவித்த கடலையை விரலால் உருட்டினார். கொழுப்புக் கூடிவிட்டதென்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, நாலு வருடமாக, இறைச்சி அவருக்குத் தடை. தடை போட்டது தில்லைநாயகி. அதை முறியடிக்கவும் மூன்றில் இரண்டு வாக்கு வேண்டும். வீட்டில் இருப்பதோ இரண்டே பேர்.

"பிள்ளை, பதவி நீக்கம் பதவியோட சரி," என்றார் அவர். "கரண்டி அவனுக்கு இல்லை, ஏற்றுக்கொள்ளுறன். மண்டபப் பக்கமே வரப்படாது எண்டது வேற தண்டனை. அதை நான் மன்னிக்கலாம். அமெரிக்காவில வழக்குப் போட முதலே மன்னிச்சிருக்கினம்."

"உங்களுக்கு ஏன் அண்ணை இவ்வளவு அந்தரம்?"

"தலைவர் எண்டா இரக்கம் வேணும்."

"சேந்தனைக் கலைக்கேக்க அந்த இரக்கம் எங்க போனது?"

யோகநாதன் ஒரு கடலையை வாயில் போட்டு நெடுநேரம் மென்றார்.

"சரி," என்றார் இந்திராதேவி. "ஆனா ஒண்டு. செய்யாத ஆளை மன்னிக்கேலாது. 'அந்த எலும்பைப் போட்டது நான்' எண்டு எழுதி ஒப்பம் வைக்கட்டும். ஞாயிறு சபையில வாசிப்பன். பிறகு உள்ள வரலாம்."

"நான் போடேல்லை அக்கா. மூண்டு வருசமா அதைத்தானே சொல்லுறன். ஆட்டுக்கறி, முருங்கைக்காய்க் கறி ரெண்டையும் இறக்கி வைச்சிட்டு, வானிலயிருந்து வாழையிலை எடுக்கப் போனனான். அவ்வளவுதான்."

"அப்ப மன்னிப்பும் இல்லை, விளக்கும் இல்லை."

கடையில் யாரோ மரவள்ளிக் கிழங்கு வந்துவிட்டதா என்று கேட்டார்கள். நாளைக்குத்தான் என்றார் தில்லைநாயகி. சேந்தன் கையை நீட்டினான்.

"பேனையைத் தாங்கோ அக்கா. நான் போடேல்லை எண்டு தம்பிக்குத் தெரியும். அது காணும்."

குனிந்து எழுதத் தொடங்கினான். சமையல்காரன் எழுத்து, பெரிது பெரிதாக. 'அந்த எலும்பைப் போட்டது' என்பது வரைக்கும் வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்குப் பேனை இறங்கும்போது யோகநாதனின் கை கடதாசியின் மேல் விழுந்தது.

"வை பேனையை."

இருவரும் அவரைப் பார்த்தார்கள். அவர் எட்டிக் காசுப் பெட்டிப் பக்கம் பார்த்தார். தில்லைநாயகி முதுகைக் காட்டியபடி கறிவேப்பிலை நிறுத்துக்கொண்டிருந்தார். யோகநாதன் கோப்பை இந்திராதேவியின் பக்கம் மெல்லத் தள்ளினார்.

"அண்டைக்குக் களவாத் தின்ன எடுத்த எலும்பு என்ரை கையில இருக்கேக்க தில்லைநாயகி குசினிக்குள்ள வந்திட்டா, கிட்டக் கிடந்தது முருங்கைக்காய்ச் சட்டி. பிள்ளை, தலைவர் தன்னைத்தானே மன்னிக்கலாமோ எண்டு ஒருக்காப் பாரும். சத்தம் போடாமல் வாசியும்."