மன்சூருக்கு ஒரு டிவி

செல்வசிங் கேரவன் சுவரில் காதை ஒட்டவைத்து, ஸ்குரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே நகர்ந்தான். டொப், டொப், டொப். உள்ளே ஒன்றுமில்லை என்றது சுவர்.

"இங்க கம்பி இல்ல பாய். வெறும் பிளைவுட்டும் தெர்மாகோலும். ஒரு சாண் மேல போனா ஃபிரேம் கிட்டும்."

"மேல போவப்படாது," என்றார் ஈசா. காயல்பட்டினத்துக்காரர், முதலாளி அரபாபிடம் பதினெட்டு வருஷமாக டிரைவர். "மன்சூர் உக்காந்தா மூஞ்சிக்கு நேரா வரணும். அரபாப் உத்தரவு."

மன்சூர் உட்காரும் இடத்தையும் காட்டினார். காளான் மாதிரி ஒரு குட்டை ஸ்டூல், தலையில் பச்சைப் புல்விரிப்பு ஒட்டியிருந்தது. செல்வசிங் அதில் உட்கார்ந்து பார்த்தான். முழங்கால் தாடையில் இடித்தது.

"எத்தன வயசு?"

"ரெண்டு."

"பேசுமா?"

"பேசி என்ன, கேஸா நடத்தப்போவுது? ஆளப் பாத்தாலும் நடுக்கம், சத்தம் கேட்டாலும் நடுக்கம். டிவி பாத்துப் பாத்துதான் பழகணும்."

"பாவம்."

"என்ன பாவம்? நம்மளவிட நல்லாத் திங்குது."

போன மாதம் மாட்டிய டிவி, மணலில் வண்டி இரண்டு குலுங்கு குலுங்கியதும் ஸ்குரூவோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. மன்சூர் மேல் படவில்லை. ஆனால் பயந்துபோய் மூன்று நாள் ஒன்றும் தின்னவில்லை. நாலாம் நாள், மாட்டியவனுக்கு விசா கேன்சல்.

செல்வசிங் வேலை பார்க்கும் கம்பெனியும் அரபாபுடையதுதான். பாஸ்போர்ட் கம்பெனி லாக்கரில் கிடந்தது. "நின்னா லீவு, விழுந்தா கேன்சல்" என்று மேனேஜர் பன்னீர்செல்வம் காலையில் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டுக்குமே ஊருக்குத்தான் போகவேண்டும். ஒன்றில் திரும்பி வரலாம்.

அவன் துபாய்க்கு வந்த பிறகு பிறந்த மகளுக்குப் பதினொரு மாதம் ஆகிறது. அப்பன் வரட்டும் என்று ஞானஸ்நானத்தை இரண்டு தடவை தள்ளிவைத்தாயிற்று. டிசம்பர் கடைசி ஞாயிறு, இனிமேல் தள்ளமுடியாது என்று மனைவி ரெபேக்காள் போனில் சொல்லிவிட்டாள்.

பக்கவாட்டில் தட்டித் தட்டி இரண்டு ஃபிரேம் கம்பிகளைக் கண்டுபிடித்தான். இரண்டையும் சேர்த்து முக்கால் இஞ்சுப் பலகை ஒன்றைப் போல்ட் போட்டு இறுக்கினான். பலகையில் ஸ்டாண்டு, ஸ்டாண்டில் டிவி. வண்டி ஓடும்போது ஆடாமலிருக்க அடியில் ஒரு பட்டை போட்டுப் பூட்டினான். ஒவ்வொரு நட்டுக்கும் ஸ்பிரிங் வாஷர்.

பிறகு யாரும் கேட்காமலே டிவியின் நாலு மூலைக்கும் ரப்பர் வெட்டி ஒட்டினான்.

"இது எதுக்கு?"

"ஓடி வந்து தலைய இடிச்சிரப்பிடாதுல்லா."

ஈசா அவனை ஒரு மாதிரி பார்த்தார். "நீ நல்லவன்தாம்ப்பா. ஏறு. ஓட்டிப் பாத்துருவோம்."

லேண்ட் குரூசர் கேரவனை இழுத்துக்கொண்டு மணலில் இறங்கியது. செல்வசிங் உள்ளே தரையில் உட்கார்ந்து ஸ்டூலைக் கட்டிக்கொண்டான். பிரிட்ஜ் கதவு திறந்து தண்ணீர் பாட்டில்கள் உருண்டன. அலமாரியிலிருந்து ஃபிளாஸ்க் ஒன்று பறந்து வந்து அவன் தோளில் பட்டது. அவன் டிவியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது சுவரிலேயே முளைத்தது மாதிரி நின்றது.

அரபாபின் கூடாரத்துக்குத் திரும்பியபோது அவர் வாசலில் காத்திருந்தார். ஏறி வந்து டிவியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். பட்டையை இழுத்தார். ரப்பர் மூலைகளை விரலால் அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். "ஜெய்ன், ஜெய்ன்" என்று செல்வசிங்கின் முதுகில் தட்டினார். அப்புறம் ஈசாவிடம் அரபியில் நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன பாய்? லீவா?"

"லீவுதான். ஆனா இப்பக் கெடையாது. நாளைக்கு நாங்க சவூதி கேம்புக்குக் கெளம்புறோம். பிப்ரவரில திரும்புவோம். அப்பவும் டிவி விழாம இருந்தா உன் பாஸ்போர்ட்டத் தாராராம்."

"டிசம்பர்ல எனக்க மோளுக்கு ஞானஸ்நானம் பாய்."

"சொன்னேன். மன்சூர் விஷயத்துல அவரு யாரு பேச்சையும் கேக்கமாட்டாரு."

செல்வசிங் டிரில் மிஷினின் வயரைச் சுற்றினான். சுற்றியதை அவிழ்த்து மறுபடியும் சுற்றினான். ரெபேக்காளிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும். வாய் பேசாத பிள்ளை, சத்தத்துக்குப் பயந்த பிள்ளை, அதற்காகத்தான் என்றால் அவள் திட்டமாட்டாள். அழுதுவிட்டுச் சரி என்பாள். அவனுக்கும் பாதி மனசு சரி என்றது.

"பிள்ளைக்காகத்தான? இருக்கட்டும்," என்றான்.

அரபாப் ஜேப்பிலிருந்து ஒரு பாஸ்போர்ட்டை எடுத்து நீட்டினார். ஈசா அதை வாங்கிச் செல்வசிங்கிடம் கொடுத்தார். "மன்சூரோடது. டிவிக்குக் கீழ டிராயர்ல வை. பார்டர்ல கேப்பாங்க."

ரெண்டு வயதுப் பிள்ளையின் பாஸ்போர்ட்கூட அதன் வீட்டில்தான் இருக்கிறது என்று செல்வசிங் நினைத்துக்கொண்டான். முகத்தைப் பார்த்துவிடலாம் என்று திறந்தான். பெயர் இருந்தது. முத்திரை இருந்தது. படத்தைக் காணோம். கடைசித் தாள்வரை புரட்டினான்.

"பாய், போட்டோ ஒட்டாம விட்டுருக்கானுவ. பார்டர்ல பிள்ளைய நிறுத்திரப் போறானுவ."

ஈசா டிராயரைத் திறந்து பிடித்தார்.

"வேட்டைப் பருந்துக்கு எதுக்குப்பா போட்டோ?"