வெங்காயத்தாமரைக்கு ஒரு சாபம்

இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது வெங்காயத்தாமரை.

ஒன்பதாவது நாளாக ஊர்ப் பெண்கள் நாங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்கிறோம். கால் விரல் இடுக்கெல்லாம் புண். நேற்று பிடுங்கிய இடத்தில் காற்று இன்னொரு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து விட்டிருக்கிறது. சனியன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சேலத்திலிருந்து வந்த ஆபீசர் கரையில் நின்றபடியே, எல்லாவற்றையும் பிடுங்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். அவருக்கென்ன, வாய் வலிக்கவா போகிறது?

ஏரி முழுவதும் யாரால் முடியும்? நடுத்திட்டைச் சுற்றிப் பத்தடிக்குத் தண்ணீர் தெரிந்தால் போதும்.

அந்தத் திட்டில் இருக்கிற கருவேல மரங்களில்தான் நாரைகள் முட்டை வைத்திருக்கின்றன. முன்பெல்லாம் கரையிலிருந்து ஒரு ஜீவன் அங்கே போக முடியாது. இப்போது இந்தச் செடி பாய் விரித்த மாதிரி கரையையும் திட்டையும் சேர்த்துவிட்டது. கீரிகள் அதன்மேல் நடந்தே போய் முட்டையைத் தின்கின்றன.

போன வருஷம் ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லை. இந்த வருஷமும் அப்படியானால் நாரைகள் வேறு ஏரி பார்த்துக்கொள்ளும். அவற்றின் எச்சம் கலந்த தண்ணீர் பாயாமல் எங்கள் ஊரில் நெல் எங்கே நிமிரப்போகிறது?

உச்சி வெயிலில் கரையேறினோம். மாரம்மாக்கா உட்காரக்கூட இல்லை. நேராக ஏரிக்கரை அம்மன் முன்னால் போய் நின்று ஒரு கைப்பிடி மண்ணை அள்ளினாள்.

"இதக் கொண்டாந்து ஏரியில வுட்டவங்க புள்ளகுட்டி வெளங்காம மண்ணாப் போவ!"

தூற்றிவிட்டுக் கையைத் தட்டினாள்.

எங்கள் ஊரில் ஒருத்தி மண் தூற்றினால் கூட இருப்பவர்களும் தூற்ற வேண்டும். தூற்றாதவள் மேல்தான் சந்தேகம் விழும். சரசம்மா தூற்றினாள். நஞ்சம்மா கன்னடத்தில் தூற்றினாள். அது இன்னும் நீளமாக இருந்தது.

அடுத்தது நான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில், அக்கா வீட்டுப் பக்கத்துக் குளத்தில்தான் அந்த ஊதாப் பூவைப் பார்த்தேன். அப்படியொரு அழகு. அப்போது கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. செடியை வேரோடு சொம்பில் வைத்து, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்து, இதே அம்மனுக்கு வைத்து வேண்டிக்கொண்டேன்.

சாமிக்கு வைத்ததைக் கால்படுகிற இடத்தில் போடக்கூடாது இல்லையா? மறுநாள் நானே பக்தியோடு ஏரியில் விட்டேன்.

அடுத்த வருஷம் பூவம்மா பிறந்தாள்.

இதை ஒரு மனுஷரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம்கூட.

அதோ, புங்கமரத்தடியில் கூழ்ச்சட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என் மகள். நாலு வயசு. ஈயை ஓட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னா நாராயணம்மா, மரமாட்டம் நிக்கற? தூத்து!" என்றாள் மாரம்மாக்கா.

குனிந்து மண்ணை அள்ளினேன். பெற்றவள் வாயால் அந்தப் பேச்சை எப்படிப் பேசுவது? பேசாமல்தான் எப்படி நிற்பது? எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கொண்டாந்து வுட்டவங்க, சாவற வரைக்கும் அவங்க கையாலயே இதப் புடுங்கிக்கினு கெடக்கணும், தாயே!"

தூற்றினேன்.

"இதெல்லாம் ஒரு சாபமா?" என்று மாரம்மாக்கா முகத்தைச் சுளித்தாள். சரசம்மா சிரித்துவிட்டாள்.

எல்லோரும் கூழ் குடிக்க உட்கார்ந்தார்கள். நான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு மறுபடி தண்ணீரில் இறங்கினேன்.