கப்பல்காரர் பூர்வீகம்

“மொதல்ல என்னை மாமான்னு கூப்புடு. அப்பறம்தான் கவரைப் பிரிப்பேன்” என்றான் தமிழழகன்.

அரியலூர் சிமென்ட் ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடை அது. கலையரசி ஆலை வாசலைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சங்கு ஊதுவதற்குள் அவள் லேபுக்குப் போயாக வேண்டும்.

“பிரிங்க. கூப்புடறதெல்லாம் அப்பறம்.”

பழகி இரண்டு வருடமாகியும் அவள் அவனைப் பெயர் சொல்லியோ முறை வைத்தோ கூப்பிட்டதில்லை. பக்கத்தில் வந்து நிற்பாள். அவனாகத் திரும்பும்வரை காத்திருப்பாள்.

“கூப்புட வெக்கம், கோயிலுக்குள்ள வரவும் வெக்கம். கல்லங்குறிச்சிக்கு எல்லாரும் போனோமே, நீ மட்டும் ஷூவைக் கழட்ட மாட்டேன்னு வெளியில பைக்குக் காவல் நின்ன. கல்யாணத்தன்னைக்காவது உள்ள வருவியா?”

“மொதல்ல எங்கப்பா சரின்னு சொல்லட்டும்.”

அங்கேதான் சிக்கியிருந்தது. பையன் மேல் அவள் அப்பா அய்யம்பெருமாளுக்குக் குறை எதுவும் இல்லை. பூர்வீகம் எது, குலதெய்வம் எது என்று தெரியாத வீட்டுக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தார்.

தமிழழகனுக்கே அது தெரியாது. அவன் தாத்தா கடற்படையிலிருந்து வந்து பூலாம்பாடியில் குடியேறியவர். எந்த ஊர், யார் சொந்தம் என்று கடைசிவரை வாய் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் கடற்படைக்கு எழுதிப்போட்டு, ஒரு வருடம் அலைந்து, அவருடைய பணிப்பதிவின் நகலை வாங்கியிருந்தான்.

“உங்கப்பாவுக்கு ஏன்தான் இத்தனை சந்தேகமோ” என்றபடி கவரைப் பிரித்தான்.

“அப்பா இல்லாம வளர்ந்தவரு. யாரையும் லேசுல நம்ப மாட்டாரு.”

தாள் மங்கலாக இருந்தது. சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து, அதிலும் பாதி சுருக்கங்கள். பெயரைப் பார்த்தவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“அரியமுத்து.”

“அவரேதான். கேப்டன்னு போட்டிருக்கா? எங்க வூட்ல அப்படித்தான் சொல்லுவாங்க.”

“ஸ்டோக்கர்னு போட்டிருக்கு. கப்பலுக்கு அடியில பாய்லர் பாக்குற வேலை.”

“கேப்டனுக்கு நேர் கீழதானே. தப்பில்ல.”

அவள் சிரிக்கவில்லை. “வருஷா வருஷம் வி.ஜி.ன்னு போட்டிருக்கு. நடத்தை ரொம்ப நல்லதாம்.”

“இந்த இடத்த மட்டும் உங்கப்பாகிட்ட சத்தமாப் படி.”

அவள் விரல் கீழே இறங்கி ஒரு வரியில் நின்றது. அதைப் படிக்காமல் அடுத்த வரிக்குத் தாவியது.

“ஊரு... மீன்சுருட்டி. உடையார்பாளையம் தாலுகா, திருச்சி ஜில்லா.”

தமிழழகன் மேசையைத் தட்டியதில் டீ தளும்பியது. “மீன்சுருட்டியா? உங்க ஜெயங்கொண்டத்துலேர்ந்து எட்டிப் பிடிக்கிற தூரம். ஞாயித்துக்கெழம போறேன், எங்க பங்காளிங்களத் தேடிப் புடிக்கிறேன், குலதெய்வத்துக்குப் பொங்க வெக்கிறேன். இனிமே உங்கப்பா என்ன சொல்லித் தட்டுவாரு?”

கலையரசி கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தாளை இன்னும் கிட்டே பிடித்தாள்.

“உடம்புல உள்ள அடையாளம் எழுதியிருக்கு. ரெண்டு கால்லயும் ரெண்டாவது விரலும் மூணாவது விரலும் ஒட்டியிருக்குமாம்.”

“அப்ப சந்தேகமே இல்ல, எங்க தாத்தாதான். எங்கப்பாவுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. பள்ளிக்கூடத்துல என்னை வாத்துன்னுதான் கூப்புடுவானுங்க.” அவன் செருப்புக் காலை நீட்டி ஆட்டிக் காட்டினான். “பரம்பரையா வருமா இது? நீதான் சயின்ஸ் படிச்சவ.”

“வரும்.”

“சரி, நடுவுல ஒரு வரிய விட்டியே, அது என்ன?”

கலையரசி டீ கிளாஸைத் தள்ளி வைத்தாள். “கல்யாணம் ஆனவரு. ஒரு ஆம்பளப் பிள்ளை.”

“எங்கப்பாதான். ஒத்தப் பிள்ளை.”

“இது அவரு வேலைக்குச் சேர்ந்தப்ப எழுதினது. அறுபத்தி மூணுல.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. அவன் அப்பா பிறந்தது எழுபத்தி இரண்டில்.

ஆலைச் சங்கு ஊதியது. கலையரசி எழுந்திருக்கவில்லை. குனிந்து வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். சாக்ஸை உருவிவிட்டுப் பாதத்தைத் தரையில் வைத்தாள்.

தமிழழகன் அந்தக் காலைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான்.

அவள் ஷூவை மாட்டிக்கொண்டு எழுந்தாள். தாளை மடித்துக் கவருக்குள் வைத்து அவனிடம் நீட்டினாள். அவன் கை அதை வாங்க நீளவில்லை. மேசையிலேயே வைத்தாள்.

“நேரமாச்சு. வரேண்ணே.”