பன்னிரண்டு மில்லிமீட்டர்

மாவட்டத்தின் மழை அளவை ஊருக்கொரு கட்டமாக ஆர் என்னும் கணினி நிரலில் ஏற்றிச் சராசரி எடுப்பது பர்வீனின் வேலை. போன வியாழக்கிழமைக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று வந்திருந்தது; லேசான மழை என்று அறிக்கையும் போயிருந்தது.

"லேசான மழைன்னு எழுதியிருக்கீங்களேம்மா. எம் பொண்டாட்டிய வெள்ளம் கொண்டுபோயிருச்சே," என்றார் எதிரே நின்ற மாசாணம்.

பர்வீன் அவர் ஊரைத் திரையில் தேடினாள். மழைமானியையும் வெள்ளம் அடித்துப் போயிருந்ததால் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. வெற்றுக் கட்டங்களை விட்டுவிட்டுக் கணக்கிடச் சொல்லும் கட்டளையை எழுதியவள் அவள்தான். அதை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். ஒரு கட்டம் தெரியாததால் மாவட்டம் முழுவதற்குமே சராசரி இல்லை என்று வந்தது.

அதை அச்செடுத்துக் கையெழுத்திட்டு நீட்டினாள்.

"என்னம்மா எழுதியிருக்கு?"

"உங்க ஊர விட்டுட்டு மழையைச் சொல்ல முடியாதுன்னு எழுதியிருக்குய்யா."