கூடுதலாக இருபது நொடி

பிஷ்கெக் நகரில் அந்த ஒலிப்பதிவுக் கூடம் அவர்களுடைய நால்வர் இசைக்குழுவுக்கு மூன்று நாள்தான் கிடைத்திருந்தது. கடைசி நாள் மதியம், ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டை ஒரே மூச்சில் பாடி முடித்தாள் மீரிம். கோமுஸ் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிய திலெக்கும் மற்ற இருவரும் கருவிகளை வைத்துவிட்டு, பதிவானதைக் கேட்க வந்தார்கள்.

"பாட்டு மூணு நிமிஷம் நாப்பது நொடி. இது நாலு நிமிஷம் காட்டுதே?" என்றார் ஒலிப்பதிவாளர் சபர்.

"நிறுத்த மறந்திருப்பீங்க அண்ணே," என்றாள் மீரிம்.

"முடிஞ்ச உடனே நிறுத்திட்டேன்மா."

ஓடவிட்டார். பாட்டு முடிந்ததும் திலெக்கின் குரல் கேட்டது: "டீ ஆறிப்போச்சு." அடுத்து, "திலெக்!" என்று மீரிமின் குரல் அலறியது. பிறகு பதினோரு நொடி வெறும் அமைதி.

அப்படி யாரும் பேசவில்லை. யாரும் அலறவும் இல்லை. மீரிம் சபரின் பக்கம் திரும்பினாள்.

"அதை அழிச்சிடுங்க அண்ணே."

"அட பயந்தாங்கொள்ளி!" திலெக் சிரித்தான். மேசைமேல் இருந்த தன் கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தான். அவளைச் சீண்டுவதற்கென்றே அவள் பக்கம் திரும்பினான். "டீ ஆறிப்போச்சு."

"திலெக்!"

தன்னையறியாமல் அலறிவிட்டாள். சற்றுமுன் கேட்ட அதே அலறல். யாரும் சிரிக்கவில்லை. மீரிம் மனதுக்குள் நொடிகளை எண்ணத் தொடங்கினாள்.

பதினொன்றும் முடிந்தது. திலெக் அதே சிரிப்போடு, இமைகூட அசையாமல், அவளையே பார்த்தபடி நின்றான். கையில் சரிந்திருந்த கோப்பையிலிருந்து டீ அவன் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது.